அடுத்த அசைவு யாருடையது?

நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் இன்னமும் டிரில்தான். பிள்ளைகள் ஒரு கை தூரம் விட்டு வரிசையில் நிற்கிறார்கள். பி.டி. வாத்தியார் விசில் ஊதுகிறார். ஒன், டூ, த்ரீ, ஃபோர். ஒன்றுக்குக் கை முன்னால், இரண்டுக்குத் தலைக்கு மேல், மூன்றுக்குப் பக்கவாட்டில், நான்குக்குத் தொடையோடு ஒட்டி. இதையே சுதந்திர தினத்தன்று நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் செய்தால் மாஸ் டிரில். மேடையில் இருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். இந்தப் பயிற்சி முழுவதிலும் ஒரு குழந்தை யோசிக்க வேண்டிய இடம் ஒன்றுகூடக் கிடையாது. அடுத்த அசைவு என்ன என்பது அவளுக்கு முன்பே முடிவாகிவிட்டது. அவள் சொந்தமாகச் செய்யக்கூடிய ஒரே காரியம் தப்புச் செய்வதுதான்.

டிரில் நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. சொல்லே சொல்லிவிடுகிறது, அது படையினரின் சொல். ஆனால் அந்த நாட்டில் உடற்கல்விக்கு இன்னொரு பாதி இருந்தது. அதைப் பெரும்பாலும் பெண்கள் உருவாக்கினார்கள். அந்தப் பாதி கப்பலேறவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அங்குள்ள ஆரம்பப் பள்ளிகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் பாடம் நடக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் ஒலிம்பிக்ஸ் நினைவுக்கு வந்தால் அதைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகள் வெறுங்காலுடன் கூடத்துக்குள் வருகிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்துதான். ஆசிரியை முதலில் சொல்வது, யார் மீதும் இடிக்காத ஓர் இடத்தைக் கண்டுபிடி என்பது. பிறகு உடம்பின் எந்தெந்தப் பாகத்தில் எடையைத் தாங்கி நிற்கலாம் என்று தேடச் சொல்கிறார். கை, கால், முட்டி, முழங்கை போன்ற சிறிய பாகங்களைப் புள்ளிகள் என்றும் முதுகு, வயிறு, பிட்டம், தோள் போன்ற அகன்ற பாகங்களைப் பரப்புகள் என்றும் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். மூன்று புள்ளியில் நில். ஒரு பரப்பில் நில். ஒரு புள்ளியும் ஒரு பரப்புமாக நிற்க முடியுமா, பார். அடுத்தது உருளல்: பென்சிலைப் போல நீட்டிப் படுத்து உருளலாம், முட்டையைப் போலச் சுருண்டு உருளலாம், குட்டிக்கரணம் அடிக்கலாம். அதற்கடுத்து ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் வழிகள். தவழ்வது, தாவுவது, நண்டு மாதிரி பின்புறமாக நகர்வது.

இவ்வளவும் சொற்கள். வாக்கியத்தை அமைக்க வேண்டியது குழந்தை. ஒரு நிற்றல், ஒரு நகர்தல், ஓர் உருளல், மறுபடி ஒரு நிற்றல் என்று நீயே தேர்ந்தெடுத்துக் கோர்த்து வா. எங்கே தொடங்குகிறாய், எங்கே முடிக்கிறாய் என்பது தெரிய வேண்டும். இடையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படிப் போகிறாய் என்பது உன் கெட்டிக்காரத்தனம். ஓரிடத்தில் உயரமாக இரு, ஓரிடத்தில் தரையோடு தரையாக இரு. வேகத்தை மாற்று, திசையை மாற்று. இதற்கு சீக்வென்ஸ் என்று பெயர். நாம் அசைவுத்தொடர் எனலாம். பெரிய வகுப்புக்குப் போகப் போக இரண்டு பேர் சேர்ந்து செய்கிறார்கள். ஒருவர் கண்ணாடிப் பிம்பம்போல மற்றவரைப் பின்பற்றுவது, ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்குவது, கடைசியாக ஒருவர் எடையை மற்றவர் தாங்கிச் சாய்வது.

இது ஒரு பாடத்திட்ட நுணுக்கம்தானே, பெண்ணியத் தொகுப்பில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய, பெண் பிள்ளைகள் பந்தெறியும் விதம் பற்றிய கட்டுரையைப் பெண்ணியம் படிக்கும் மாணவிகள் பலர் வாசித்திருப்பார்கள். பெண் தன் உடம்பு முழுவதையும் ஒரு செயலுக்குள் செலுத்துவதில்லை. கை முன்னால் போகும்போது மற்ற பாகங்கள் பின்தங்கி நிற்கின்றன. செய்ய முடியும் என்பதும் முடியாது என்பதும் ஒரே அசைவுக்குள் இருக்கின்றன. பார்க்கப்படும் பொருளாகத் தன்னை உணர்வதுதான் இதற்கு வேர் என்பது அவர் வாதம். வளர்ந்த தொழில் சமூகங்களின் பெண்களைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று எல்லையையும் அவரே போட்டுவிடுகிறார்.

அந்த எல்லை நமக்கு முக்கியம். பத்துச் செங்கலைத் தலையில் அடுக்கிக்கொண்டு சாரத்தில் ஏறுகிற சித்தாளிடம் போய், நீ உன் உடம்பை முழுதாகப் பயன்படுத்துவதில்லை என்று சொல்ல முடியுமா? நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிறவளிடம்? இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம் என்று நடக்கிற பத்து வயதுச் சிறுமியின் சமநிலையை எந்த ஜிம்னாஸ்டிக்ஸ் ஆசிரியையும் வியப்பார். நம் உழைக்கும் பெண்களுக்கு மறுக்கப்பட்டது பலமும் அல்ல, சமநிலையும் அல்ல. எதற்கும் பயன்படாத அசைவுதான் மறுக்கப்பட்டது. தண்ணீர் கொண்டுவராத நடை, சோறாக மாறாத குனிதல், யாரையும் மகிழ்விக்க வேண்டியிராத சுழற்சி. குட்டிக்கரணத்தால் வீட்டுக்கு எந்த லாபமும் இல்லை. அதனால்தான் அதைப் பெண் குழந்தையிடமிருந்து முதலில் பிடுங்குகிறார்கள். அசைவுத்தொடர் கற்பித்தலில் நான் காணும் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. பள்ளி நேரத்தில், ஆசிரியையின் அனுமதியோடு, ஒரு சிறுமி தன் உடம்பை வைத்துப் பயனற்ற ஒன்றைச் செய்கிறாள், அது என்ன என்பதையும் அவளே முடிவு செய்கிறாள்.

இது தானாக வந்துவிடவில்லை. 1881இல் லண்டன் பள்ளி வாரியம், பெண் குழந்தைகள் பள்ளிகளின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாளராக மார்ட்டினா பெர்க்மன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண்ணை நியமித்தது. லிங் வகுத்த ஸ்வீடிஷ் ஜிம்னாஸ்டிக்ஸை ஆசிரியைகளுக்குப் பயிற்றுவித்தது அவருடைய வேலை. 1885இல் அவர் ஹாம்ப்ஸ்டெட்டில் சொந்தமாக ஒரு பயிற்சிக் கல்லூரி தொடங்கி, 1895இல் டார்ட்ஃபோர்டுக்கு மாற்றினார். இங்கிலாந்துப் பெண்களுக்கு உடற்கல்வி ஒரு தொழிலாக, சம்பளமும் மரியாதையும் தரும் தொழிலாக ஆனது இந்தக் கல்லூரியிலிருந்துதான். இடுப்பை இறுக்கும் கச்சையைக் கழற்றிவிட்டுக் கைகால் வீச வசதியாக அங்கே படித்த மேரி டெய்ட் என்ற மாணவி வடிவமைத்ததுதான் ஜிம்ஸ்லிப். நம் கான்வென்ட் பிள்ளைகள் போடும் பினஃபோருக்கு நெருங்கிய சொந்தம். ஓடியாடுவதற்காகப் பிறந்த உடை, பிறகு முட்டிக்கு எத்தனை அங்குலம் என்று ஸ்கேல் வைத்து அளக்கும் சீருடையானது. பெண்களின் உடைகளுக்கு இது அடிக்கடி நேர்வது.

பெர்க்மனைக் கொண்டாடும்போது சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வாரியப் பள்ளிகளின் ஏழைக் குழந்தைகளிடமிருந்து விலகி, கட்டணம் செலுத்தக்கூடிய நடுத்தர வர்க்கப் பெண்களிடம்தான் அவர் போனார். ஆரோக்கியமான பெண்ணால் இனம் மேம்படும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. உடற்கல்வியின் பெண் மரபு பெண் விடுதலையையும் இன மேன்மையையும் ஒரே மூச்சில் பேசிய மரபு. ஏழைப் பிள்ளைகளுக்கோ, போயர் போர் முடிந்த 1902இல், படைப்பயிற்சியை அப்படியே பள்ளிக்குள் இறக்கும் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்று வந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 1904இல் அதை மாற்றினார்கள். 1909, 1919, 1933 என்று அடுத்தடுத்து வந்த பாடத்திட்டங்களில் ராணுவ வாடை மெல்லக் குறைந்தது. ஆனாலும் கட்டளை ஆசிரியரிடம்தான் இருந்தது.

அது கைமாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி 1938இல் இங்கிலாந்து வந்த நடனக் கோட்பாட்டாளர் ருடால்ஃப் லாபானின் சிந்தனையைப் பெண் உடற்கல்வியாளர்கள் பற்றிக்கொண்டார்கள். (அதற்கு முன் சில ஆண்டுகள் அதே ஆட்சியின் நடன அமைப்புகளுக்கு அவர் பணியாற்றினார் என்பதை அவர் பக்தர்கள் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்.) எடை, வெளி, நேரம், ஓட்டம் என்று அசைவைப் பிரித்துப் பார்க்கும் அவர் மொழியை நடனத்திலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸுக்குக் கொண்டுவந்தவர்கள் பெண்கள். லிவர்பூலில் ஐ.எம். மார்ஷ் கல்லூரியின் ரூத் மோரிசன் அவர்களில் முக்கியமானவர். 1952, 1953இல் கல்வி அமைச்சகமே ஆரம்பப் பள்ளிகளுக்கென்று வெளியிட்ட இரண்டு நூல்கள், கட்டளையிடும் பாடத்திட்டத்துக்கு விடை கொடுத்துவிட்டு, குழந்தை தானே கண்டடைவதற்கு இடம் தந்தன. ஒன், டூ போய், வேறு எப்படிச் செய்யலாம் என்ற கேள்வி வந்தது.

ஆண் உடற்கல்வியாளர்கள் சிரித்தார்கள். எல்லோரும் வெறுமனே சிரிக்கவில்லை. ஏ.டி. மன்ரோ 1955இல் எழுதிய நூலில் வைத்த விமர்சனம் கனமானது. பொதுவான அசைவுணர்வு என்று ஒன்றை வளர்த்துவிட்டால் எல்லாத் திறனும் தானே வந்துவிடும் என்பதற்கு என்ன சான்று? குறிப்பிட்ட திறனைக் குறிப்பிட்டுத்தான் கற்பிக்க வேண்டும், பலம் பயிற்சியால்தான் வரும் என்றார்கள் அவர் பக்கத்தவர்கள். அடுத்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் அளவையும் அறிவியலும் பேசியவர்கள் வென்றார்கள். பெண்கள் கல்லூரிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது பெரிய நிறுவனங்களில் கரைந்தன. இந்த எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஷீலா ஃப்ளெட்சர் 1984இல் ஒரு நூலாக எழுதினார். பெண்கள் கட்டிய ஒரு துறை, இருபாலருக்கும் பொதுவாக்கப்பட்டபோது அதன் தலைமை ஆண்களிடம் போய்ச் சேர்ந்த கதை அது. பொதுவாக்குதல் என்ற சொல்லைக் கேட்டால் பெண்கள் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது.

ஆனால் வாதத்தில் யார் சரி என்றால், பெண்கள் பக்கம் முழுதாகச் சரி என்று நான் சொல்லமாட்டேன். சொற்கள் தெரியாமல் வாக்கியம் எழுத முடியாது. கைகளில் எடையைத் தாங்கிக் கால்களை மேலே தூக்குவது எப்படி என்று யாரும் கற்றுக்கொடுக்காத சிறுமி, உன் விருப்பப்படி செய் என்றால் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் செய்வாள். அவளுக்குத் தெரிந்தது என்ன? கையை அழகாக நீட்டுவது, சுற்றிவந்து நிற்பது, சினிமாப் பாட்டில் பார்த்த ஒரு வளைவு. சுதந்திரம் என்ற பெயரில் அவளைப் பழைய நளினத்துக்குள்ளேயே விட்டுவிடுகிறோம். தோளிலும் வயிற்றிலும் பலம் வேண்டும் என்று ஆண்கள் சொன்னார்கள் என்பதற்காகப் பலத்தை ஆண்களிடமே விட்டுவிட வேண்டியதில்லை. குட்டிக்கரணத்தை முறையாகச் சொல்லிக்கொடுப்பதும் பெண்ணியம்தான்: தாடையை நெஞ்சோடு ஒட்டு, உச்சந்தலை தரையில் படக்கூடாது, கைகள் எடையைத் தாங்கட்டும், முதுகு வட்டமாக இருக்கட்டும். திறன் கையில் இருந்தால்தான் தேர்வு உண்மையான தேர்வாகும். ஆனால் திறனைக் கொடுத்த பிறகு தேர்வைப் பறித்துக்கொண்டால் மறுபடியும் டிரில்தான்.

இன்றைய இங்கிலாந்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். 1999இல் வெளியான தேசியப் பாடத்திட்டம் ஆரம்பப் பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸுக்குத் தனிப் பகுதி வைத்திருந்தது. தொடக்கம், நடு, முடிவு தெளிவாகத் தெரியும் தொடர்களை உருவாக்க வேண்டும், உயரம், வேகம், திசை ஆகியவற்றில் மாற்றம் வேண்டும் என்று அதிலேயே இருந்தது. 2013இல் வெளியான திருத்தத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பகுதியில் ஜிம்னாஸ்டிக்ஸ், அடைப்புக்குறிக்குள் ஓர் உதாரணமாகச் சுருங்கியது. தொடர் என்ற சொல் முன்னுரையில் ஒரு வாக்கியத்தில் தப்பிப் பிழைத்திருக்கிறது. போட்டி விளையாட்டுகள் முன்னுக்கு வந்துவிட்டன. பள்ளிகளில் பழைய வழக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அது ஆசிரியைகளின் பழக்கத்தால் ஓடுகிறது.

பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் சுருங்கினால், விருப்பமுள்ள சிறுமி கிளப்புக்குத்தான் போக வேண்டும். கிளப் வேறு உலகம். போட்டி ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்ணின் தரைப் பயிற்சிக்கு இசை உண்டு, ஆணுக்கு இல்லை. அவள் ஆட வேண்டும், அவன் செய்து காட்டினால் போதும். இது சிறிய விஷயம். பெரிய விஷயம் 2022 ஜூனில் வெளியானது. ஜிம்னாஸ்ட்கள் துணிந்து பேசியதைத் தொடர்ந்து வழக்கறிஞர் ஆன் வைட் பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸை விசாரித்தார். அவருக்கு 400க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் வந்தன. காயத்தோடு பயிற்சி செய்ய வைத்தது, அழ அழ மூட்டுகளை வளைத்தது, எடை பார்த்து அவமானப்படுத்தியது, தண்ணீரையும் உணவையும் கழிப்பறைக்குப் போவதையும் தடுத்தது என்று அந்த அறிக்கையைப் படிக்கையில் கை நின்றுவிடுகிறது. கூடத்தில் உன் அசைவை நீயே முடிவு செய் என்ற அதே நாடு, சில தெருக்கள் தள்ளி இருக்கும் கிளப்பில், சிறுநீர் கழிப்பதைக்கூட இன்னொருவர் முடிவு செய்ய விட்டிருக்கிறது. பள்ளி வகுப்பில் பழகிய உரிமையுணர்வு கிளப்பின் வாசலில் கழற்றி வைக்கப்பட்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நம்மிடம் திரும்புவோம். தலைகீழாகும் பெண்ணைத் தமிழ்ச் சமூகம் காலங்காலமாகப் பார்த்தே வந்திருக்கிறது, கழைக்கூத்தாடியின் மகளாக. கயிற்றின் மேல் நடக்கும் சிறுமியை வட்டமாக நின்று பார்த்துக் காசு போட்ட குடும்பங்கள், தங்கள் வீட்டுச் சிறுமி குட்டிக்கரணம் அடித்தால், 'என்னடி கூத்தாடிச்சி மாதிரி' என்று அதட்டின. அந்த ஒரு வசவில் சாதியும் பால் அடக்குமுறையும் ஒன்றாகப் புரளுகின்றன. இதையெல்லாம் தாண்டி அகர்தலாவிலிருந்து ஒரு தீபா கர்மாகர் வந்து, 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் வால்ட் இறுதிச் சுற்றில் 15.066 புள்ளிகளுடன் நான்காம் இடம் பிடித்தால், நம் ஊடகங்கள் ப்ரொடுனோவா வால்ட்டில் கழுத்து முறிந்துவிடும் என்ற ஆபத்தைத்தான் வாரக்கணக்கில் விவரித்தன. ஆறு வயதில் அவளுக்குத் தரை கிடைத்தது என்பதைப் பேச யாருக்கும் தோன்றவில்லை.

நம் தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்கென்று தனி ஆசிரியர் இருப்பது அரிது. மெத்தை கிடையாது. இதைக் குறையாகவே பார்க்க வேண்டியதில்லை, வகுப்பாசிரியையே நடத்தக்கூடிய பாடம் இது. செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தோழி ஒருவர் மூன்றாம் வகுப்புக்கு இதைச் செய்து பார்ப்பதாகச் சொன்னதால் இரண்டு மூன்று முறை போயிருந்தேன். கூட்டிய சிமென்ட் தரை, மேலே பழைய ஜமுக்காளம் இரண்டு. கரணத்தை அவர் தரையில் விடுவதில்லை. ஜமுக்காளத்தை நாலாய் மடித்துப்போட்டு ஒருவர் ஒருவராக, பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு. மற்றபடி புள்ளி, பரப்பு, உருளல். முதல் வாரம் அவர் செய்த காரியம் தாய்மார்களைக் கூப்பிட்டு, வியாழக்கிழமைகளில் பாவாடைக்குள் ஒரு கால்சட்டையோ லெகிங்ஸோ போட்டு அனுப்பச் சொன்னது. பாவாடை என்ன ஆகுமோ என்ற கவலை போனாலே பாதிப் பாடம் நடந்த மாதிரி என்றார். சரிதான். கால் மேலே போகும்போது கை பாவாடையைப் பிடிக்கப் போனால் எடையை எது தாங்கும்?

இந்த முறையில் எனக்கு இன்னும் தீராத சங்கடம் ஒன்று உண்டு. பாதி வகுப்பு செய்து காட்ட, பாதி வகுப்பு பார்த்துக் கருத்துச் சொல்வது இதன் நிலையான பகுதி. பார்க்கப்படுவதிலிருந்து சிறுமியை விடுவிக்கும் என்று நான் நம்பும் பாடம், கடைசிப் பத்து நிமிடத்தில் அவளை மறுபடியும் பார்வைக்கு முன்னால் நிறுத்துகிறது. அந்த மூன்றாம் வகுப்பிலும் முதலில் பையன்களுக்கு 'செம்ம', பெண் பிள்ளைகளுக்கு 'அழகா இருந்துச்சு மிஸ்' என்றுதான் கருத்து வந்தது. தோழி 'அழகு' என்ற சொல்லைத் தடை செய்யவில்லை. கேள்வியை மாற்றினார். எங்கே நின்றாள்? எடை எதன் மேல் இருந்தது? உருண்டதும் எந்தக் காலில் எழுந்தாள்? எட்டு வயதுப் பிள்ளைகள் இதற்கெல்லாம் மிகத் துல்லியமாகப் பதில் சொல்கிறார்கள். உடம்பை அழகு பார்ப்பதற்கும் உடம்பு செய்வதைப் பார்ப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அவர்கள் சீக்கிரமே கடந்துவிடுகிறார்கள்.

நான் கடைசியாகப் போன அன்று ஜன்னலோரம் ஒரு பெண், பூனை மாதிரி நாலு காலில் வந்து, பென்சிலாக உருண்டு, சாமி கும்பிட விழுவதுபோலக் குப்புறக் கிடந்து, அப்படியே ஒரு கையை ஊன்றி எழுந்து, மறுபடி பூனையாகி, திரும்பத் திரும்ப அதையே செய்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டிருந்தாள். காட்டும் நேரம் வந்தபோது அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"இது காட்றதுக்கு இல்ல மிஸ்" என்றாள்.

தோழி நோட்டில் அவள் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.